களைத்துப்போனவளை வீட்டில் விடுதல்

ஏறுவதற்கு அங்கே ஆளே இல்லை. ஆனாலும் பஸ் நின்றது.

முதல் நாள் நெரெய்தா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிரைவர் பழக்கத்தில் நிறுத்தியிருப்பான் என்று நினைத்தாள். இன்னும் விடியவில்லை. கம்பெனி பஸ் குடியிருப்பின் தெருத்தெருவாக நுழைந்து ஆட்களை அள்ளிக்கொண்டிருந்தது. அக்கரையில், டெக்ஸாஸ் பக்கம், பள்ளிப் பிள்ளைகளைச் சுமந்து ஓய்ந்துபோன வண்டி அது. மஞ்சளுக்கு மேல் வெள்ளையடித்து, ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஹுவாரெசுக்குக் கொண்டுவந்து ஃபேக்டரிப் பெண்களை ஏற்ற விட்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த நீள சீட்டு. முழங்கால் முன்னால் இடிக்கும். குடியிருப்பின் கடைசி வரிசையில் ஒரு வீட்டிலும் விளக்கு கிடையாது. தவணை கட்ட முடியாமல் விட்டுவிட்டு ஓடியவர்களின் வீடுகள். கதவு, ஜன்னல், தண்ணீர்க் குழாய், சுவருக்குள் ஓடிய கம்பி வரைக்கும் யார் யாரோ உருவிக்கொண்டு போயிருந்தார்கள். பஸ்ஸின் வெளிச்சம் படும்போது அந்த வீடுகள் பல் விழுந்த வாய்களாக வரிசையாகத் திறந்து கிடந்தன.

அங்கேதான் பஸ் நின்றது. கதவு திறந்தது. பாலைவனத்துக் குளிர் உள்ளே வந்தது. முழங்கால் வலிக்காரி ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி, ஒரு மூச்சு, இன்னொரு படி என்று ஏறி வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கதவு திறந்தே இருந்தது. பிறகு மூடியது. நடைபாதை ஓரம் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக முழங்காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி கீழே வைத்திருந்த பையைத் தூக்கி மடியில் வைத்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நெரெய்தாவின் தங்கை தெல்ஃபினா அவள் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தாள். அவளுக்கு இடது பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவு சீட் காலியானது.

"யாருக்குடி நிறுத்தினான்?"

"யாருக்குமில்ல. ரூட்டு அப்படி."

"நீ எதுக்கு நகர்ந்தே?"

"நான் எங்க நகர்ந்தேன்?" என்றாள் தெல்ஃபினா. அவள் தோள் நெரெய்தாவின் தோளை இடித்துக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ மெந்தால் தைல வாசனை வந்தது. யாருக்கோ ஜலதோஷம் போலிருக்கிறது என்று நெரெய்தா நினைத்துக்கொண்டாள்.

அவள் வேலை தேடி வந்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். வேராக்ரூசில் கரும்பாலை மூடிய பிறகு அங்கே பாதிப்பேர் இப்படித்தான் வடக்கே பஸ் ஏறினார்கள், யாரும் சந்தேகப்படவில்லை. உண்மையில் அவள் தங்கையைப் பார்க்க வந்திருந்தாள். ஹுவாரெசுக்குப் போன புதிதில் தெல்ஃபினா போனில் வாய் ஓயாமல் பேசுவாள். லைனில் யார் யாரோடு சண்டை, சனிக்கிழமை எந்த மண்டபத்தில் ஆட்டம், மேஸ்திரியின் தொப்பை எவ்வளவு என்று எல்லாம் வரும். பிறகு பேச்சு குறைந்தது. கடைசியில் "நல்லாருக்கேன்க்கா" என்ற ஒற்றை வார்த்தைதான் மிஞ்சியது. ஏதோ ஒரு ஆம்பளை விவகாரம் என்று நெரெய்தா முடிவுகட்டினாள். இல்லாவிட்டால் ஏதாவது போதை. வந்த நாளிலிருந்து தங்கையின் கண்ணைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், தலையணைக்கு அடியில் பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றவே இல்லை. ஹீட்டர் பக்கத்தில் படுத்தாலும், வியர்த்தாலும், அதை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் தூங்கினாள்.

இன்னொன்று, அந்த ஃப்ரிட்ஜ்.

ஒன்றரை அறை வீடு. கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. அதில் ஆளுயரத்துக்கு, பளபளவென்று ஒரு புது ஃப்ரிட்ஜ். ப்ளக் செருகப்படவில்லை. பீன்ஸையும் முட்டையையும் தெல்ஃபினா ஜன்னல் விளிம்பில்தான் வைத்திருந்தாள்.

"ஃப்ரிட்ஜ் இருக்குறப்போ எதுக்குடி வெளியில வைக்கிறே?"

"கரன்ட்டு பில்லு ஏறும்."

"ஏது இது?"

"கிறிஸ்மஸ் குலுக்கல்ல விழுந்துச்சு." பதில் முன்பே தயார் செய்து வைத்தது போல வந்தது.

ஃபேக்டரிக்குள் நுழைந்துவிட்டால் வெளியே பகலா இரவா என்று தெரியாது. ஜன்னலே கிடையாது. குழல் விளக்குகள் கண்ணைக் கரிக்கும். கார்களுக்குள் நரம்பு மாதிரி ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி அனுப்பும் வேலை. ஒயர் மாட்டிய பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். உயர முக்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் தன் பங்கைச் சுற்றி முடிப்பதற்குள் பலகை அடுத்தவளிடம் போய்விடும். க்ர்ர், க்ர்ர் என்று டேப் கிழியும் சத்தம். சூடேறிய பிளாஸ்டிக்கின் இனிப்பான நாற்றம். ஒன்றுக்குப் போக வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். மாற்றாள் வரும்வரை தூக்கிய கையோடு இன்னொரு கையால் சுற்ற வேண்டும். நெரெய்தாவுக்குத் தங்கையின் வலது பக்கத்து இடம் கிடைத்தது. இடது பக்கத்து முக்காலி காலி. அதில் பூப்போட்ட துணியில் கையால் தைத்த மெத்தை ஒன்று கட்டியிருந்தது. மூலையில் சிவப்பு நூலில் பெயர்: அம்பாரோ.

காலி இடத்தின் பங்கையும் தெல்ஃபினாதான் செய்ய வேண்டியிருந்தது. எட்டி எட்டிச் சுற்றினாள். ஆனால் சில பலகைகள் அவளிடம் வரும்போதே அந்த இடத்தில் டேப் சுற்றியிருந்ததை நெரெய்தா பார்த்தாள். ஒழுங்காக, நெருக்கமாக, பழகிய கை சுற்றியது. முன்னால் இருப்பவள் சேர்த்துச் செய்கிறாள் போல. அப்படித்தான் இருக்க வேண்டும்.

"யாருடி அம்பாரோ?"

டேப் உருளை தெல்ஃபினாவின் கையிலிருந்து நழுவி உருண்டது.

"எனக்கு முன்னாடி இருந்தவங்க. தெரியாது."

சாப்பாட்டு வேளையில் நெரெய்தா ஓத்திலியாவிடம் போனாள். லைனிலேயே மூத்தவள், பேச்சுக்கு அலைபவள், பாதிப் பெண்களுக்குப் பட்டப்பெயர் வைத்தவள். மாவு ரொட்டியில் பீன்ஸைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடி வேராக்ரூஸ்காரி. மீன் இல்லாம தொண்டையில எறங்குதா?"

"பழகிட்டேன்க்கா. ஆமா, அந்த டிசம்பர் குலுக்கல்ல உங்களுக்கு என்ன விழுந்துச்சு? தங்கச்சிக்கு ஃப்ரிட்ஜாமே."

ஓத்திலியா வாய்விட்டுச் சிரித்தாள். "குலுக்கலா? இந்தக் கஞ்சப் பயலுகளா? ஆளுக்கு ஒரு போர்வை குடுத்தானுங்க. அதுவும் ஒரு தடவை தொவைச்சா கைக்குட்டை." சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் மாறிற்று. சுருட்டிய ரொட்டியைப் பிரித்து மறுபடி சுருட்டினாள். "உன் தங்கச்சிக்கு விழுந்திருக்கும். சாயோவுக்கும் ஒண்ணு விழுந்துச்சுன்னு சொன்னாங்க. எனக்கென்ன தெரியும்."

"சாயோ யாரு?"

"இருந்தா ஒருத்தி. போயிட்டா."

"அம்பாரோ?"

"டொரேயோனுக்கு. அண்ணன் வீட்டுக்கு." ஓத்திலியா எழுந்துகொண்டாள். "சும்மா தோண்டாதேடி கண்ணு. வந்தமா, சுத்துனமா, போனமான்னு இரு."

மேற்பார்வை இன்ஜினீயர் பராசாவிடம் நெரெய்தா பேச்சுவாக்கில் கேட்டாள். நல்ல மனிதர் போலத்தான் இருப்பார். பெண்களின் பிறந்தநாளை நினைவு வைத்துக் கேக் வாங்கித் தருவார், குரலை உயர்த்த மாட்டார்.

"அம்பாரோவா? அக்கரைக்குப் போயிட்டாங்க. டெக்ஸாஸ்ல கல்யாணம் ஆயிடுச்சு. நல்ல மனுஷி." சிரித்தார். "ஏன், உங்ககிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல சார். மெத்தையைப் பார்த்தேன்."

"யாரு சொன்னாங்க?" என்று அதே சிரிப்போடு மறுபடி கேட்டார்.

டொரேயோனில் அண்ணன் வீடு. டெக்ஸாஸில் புருஷன். அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் டிரைவரிடம் கேட்டாள். அவன் கண்ணாடியில் பின்சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"கடைசி வரிசையில ஏன் நிறுத்துறேன்னா கேக்குறே? ஒரு நாள் நிறுத்தாம வந்தேன். வண்டி ஏத்தத்துல ஏறல. காலி வண்டி மாதிரியா இருந்துச்சு, கல்லு லாரி மாதிரி இருந்துச்சு. திரும்பிப் போயி கதவைத் தொறந்து மூடினேன். அப்புறம் ஓடுச்சு." சிகரெட் நாற்றமடிக்கும் கையால் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். "எறங்கும்மா. பின்னாடி ஆளு நிக்குது."

பின்னால் தெல்ஃபினா மட்டும்தான் நின்றாள்.

இதெல்லாம் சேர்ந்து நெரெய்தாவின் மனதில் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருத்தி காணாமல் போயிருக்கிறாள். அவளைப் பற்றி ஆளுக்கொரு பொய் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் இருவருக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்திருக்கிறது. அதில் ஒருத்தி என் தங்கை. இவள் என்ன செய்தாள்? கூடப் பிறந்தவளைப் பற்றி இப்படி நினைக்க அவளுக்கே வாய் கசந்தது. ஆனாலும் தெல்ஃபினா முதுகைத் திருப்பினால் பார்த்தாள். தூக்கத்தில் அவள் விரல்கள் காற்றில் டேப் சுற்றுவதைப் பார்த்தாள். தங்கை காபி கலக்கிக் கொடுத்தால் ஒரு கணம் தயங்கிவிட்டுக் குடித்தாள்.

சனிக்கிழமை பகலில் தெல்ஃபினா துணி துவைக்கக் குழாயடிக்குப் போனாள். நெரெய்தா கட்டிலை நகர்த்திவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

என்னென்னவோ எதிர்பார்த்திருந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. தட்டுகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. புது ரப்பர் வாசனை. ஆனால் ஜில்லென்று இருந்தது. கரன்ட் கொடுக்காத பெட்டிக்குள்ளிருந்து குளிர் மெதுவாக அவள் கால்மேல் வழிந்தது. கதவின் உட்புறத் தட்டில் நீல மூடி போட்ட ஒரு தைல டப்பா. திறந்தாள். மெந்தால். அடிவரை வழித்திருந்தது. மிச்சத்தில் ஒரு விரல் தோண்டிய தடம். அதன் விளிம்பு இன்னும் உலராமல் மினுமினுத்தது.

"அதை மூணு தடவை குப்பையில போட்டேன்க்கா."

தெல்ஃபினா ஈரத்துணிப் பக்கெட்டோடு வாசலில் நின்றாள்.

"யாரோடது?"

தெல்ஃபினா பக்கெட்டைக் கீழே வைத்தாள். வந்து, டப்பாவை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்து, ஃப்ரிட்ஜை மூடினாள். தூங்குகிற ஒருவரின் அறைக்கதவை மூடுவது போல, சத்தமில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை மண்காற்று எழுந்தது. காலையிலேயே வானம் பழுப்பாகி, பத்தடி தள்ளி இருந்த எதிர்வீடு மறைந்தது. கதவிடுக்கிலும் ஜன்னல் விளிம்பிலும் ஈரத்துணி அடைத்தார்கள். அப்படியும் மண் வந்தது. பல்லில் நறநறத்தது. தகரக் கூரையில் யாரோ கைநிறைய மணலை அள்ளி அள்ளி எறிவது போல ஓயாத சத்தம். நட்ட நடுப்பகலில் பல்ப் எரிந்தது. அதன் வெளிச்சமும் மண்நிறத்தில்தான் இருந்தது. இரண்டு பேரும் கட்டிலில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே போக வழியில்லை.

"சட்டையைக் கழட்டு" என்றாள் நெரெய்தா.

"அக்கா—"

"கழட்டுடி. ஊசி போட்டுக்கிறியா? எவனாவது அடிக்கிறானா? எதுவா இருந்தாலும் நான் பார்க்கணும்."

தெல்ஃபினா சட்டைக்கையை இன்னும் கீழே இழுத்தாள். பிறகு கழற்றினாள். இடது கையில், அக்குளுக்குக் கீழே, உள்பக்கச் சதையில் நான்கு கன்றிப்போன தடங்கள். வெளிப்பக்கம் ஒன்று. விரல்கள். பழைய மஞ்சளுக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் அன்றைக்கே பட்டது போன்ற சிவப்பு.

"யாரு பிடிச்சது?"

"நான்தான் முதல்ல பிடிச்சேன்" என்றாள் தெல்ஃபினா. அழவில்லை. அழுது தீர்ந்துபோன குரல் அது.

பிறகு சொன்னாள். அம்பாரோவுக்குக் காலையிலிருந்தே நெஞ்சு வலி. நெஞ்சில் தைலம் தடவித் தடவி உட்கார்ந்திருந்தாள். கையைத் தூக்கினாள். மாற்றாள் வரவில்லை. மறுபடி தூக்கினாள். மதியத்துக்கு மேல் பலகையில் தலையைச் சாய்த்தாள், பிறகு அசையவில்லை. பராசா வந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. லைனை நிறுத்தச் சொல்லவில்லை. அக்கரையிலிருந்து கம்பெனி ஆட்கள் வந்து சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நாள் அது. "களைச்சுப்போயிட்டாங்க. சாஞ்சிருக்கட்டும். ஷிஃப்ட் முடியட்டும்" என்றார். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அவள் பங்கைச் சேர்த்துச் சுற்றினார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் தெல்ஃபினாவையும் சாயோவையும் கூப்பிட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார்.

"உள்ள செத்தா விசாரணை வரும், ஃபேக்டரியை மூடிடுவாங்க, அத்தனை பேரு வயித்துலயும் அடிச்சிடாதீங்கன்னாரு. கேட்ல வாட்ச்மேன் பார்த்தான். என்ன ஆச்சுன்னான். களைச்சுப்போச்சுன்னு சொன்னோம். பஸ்ல நடுவுல உட்கார வச்சோம். கடைசி வரிசையில அவ ஒருத்திதான் குடியிருந்தா. நாற்காலியில உட்கார வச்சுட்டு, கதவைச் சாத்திட்டு ஓடி வந்தோம். பஸ் காத்துக்கிட்டு இருந்துச்சுக்கா."

"செத்தவளை..." என்றாள் நெரெய்தா.

"அதான்க்கா." தெல்ஃபினா தன் கைத் தடங்களைத் தடவினாள். "பஸ்ஸை விட்டு எறக்குறப்போ அவ என் கையைப் பிடிச்சா. இறுக்கிப் பிடிச்சா. சாயோகிட்ட சொன்னேன். கம்முனு வாடின்னா. செத்தவங்க பிடிப்பாங்களாக்கா? சொல்லு. பிடிப்பாங்களா?"

கூரைமேல் மணல் கொட்டிக்கொண்டே இருந்தது.

"வீட்டுல வச்சு செத்ததா எழுதிப் பொதைச்சுட்டாங்க. எங்க வாயை மூட ஆளுக்கொரு ஃப்ரிட்ஜ் வந்துச்சு. மறுநாள் பஸ் நின்னுச்சு. அம்பாரோ முதல்ல சாயோ பக்கத்துலதான் உட்கார்ந்தா. சாயோ எளைச்சுக்கிட்டே போனா. ஒரு நாள் சாயங்காலம் கடைசி வரிசையில எறங்கினா. அவ வீடு அங்க இல்லக்கா. யாரோ கைத்தாங்கலா எறக்குற மாதிரி எறங்கினா. நாங்க எல்லாரும் பார்த்தோம். யாரும் கூப்பிடல."

நெரெய்தா தங்கையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. பராசாமேல், வாயைப் பொத்திக்கொண்ட அந்த லைன்மேல், அணைத்துக்கொண்டிருக்கும் இந்த உடம்பின்மேலும்கூட. அவ்வளவு மெலிந்திருந்தது அது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்றாள். நாளைக்கே. தெல்ஃபினா தலையாட்டினாள்.

ஆனால் திங்கட்கிழமை நெரெய்தா கண்விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது. கதவு திறந்திருந்தது. வெளியே மண்ணில் பஸ் சக்கரத்தின் புதுத் தடம். அவர்கள் வாசலில் பஸ் எப்போதும் நின்றதில்லை. முனைவரை நடந்துபோய்த்தான் ஏறுவார்கள்.

அவள் கிடைத்த வண்டியில் தொற்றி ஃபேக்டரிக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருந்தது. தாமதமாக வந்தவளை வாட்ச்மேன் ஒன்றும் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தான்.

லைன் ஓடிக்கொண்டிருந்தது. க்ர்ர். க்ர்ர். தெல்ஃபினா தன் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். கண் பாதி மூடியிருந்தது. பலகைகள் அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. ஓத்திலியா நெரெய்தாவின் இடத்தில் உட்கார்ந்து இருவர் வேலையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். வியர்வை மூக்கிலிருந்து சொட்டியது.

"தெல்ஃபினா! ஏய்!"

கன்னம் ஜில்லென்றிருந்தது. நெரெய்தா மூக்கருகே கையை வைத்தாள். மூச்சு இருந்தது. மெல்லியதாக, நின்று நின்று, ஆனால் இருந்தது.

"உசுரு இருக்கு! யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

யாரும் திரும்பவில்லை. பராசா விரைந்து வந்தார். குரலை உயர்த்தாமல், அக்கறையோடு பேசினார்.

"சத்தம் போடாதீங்க. ஒண்ணுமில்ல, களைப்பு. ஷிஃப்ட் முடியட்டும். நீங்க அக்காதானே? நீங்களே ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டுப் போய் வீட்டுல—"

நெரெய்தா அவர் முடிக்க விடவில்லை. தூணிலிருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

லைன் நின்றது.

அங்கே வேலை செய்த யாரும் அந்த அமைதியைக் கேட்டதில்லை. மின்விசிறிகள் சுழன்று சுழன்று ஓய்ந்தன. குழல் விளக்கின் ரீங்காரம் மட்டும். எல்லாக் கைகளும் மேலே எழுந்து அப்படியே நின்றன.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் டேப் கிழிந்தது. க்ர்ர்.

பூப்போட்ட மெத்தையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. யாரோ எழுந்துகொண்டது போல அது மெல்ல நிரம்பியது.

பராசா பின்வாங்கினார். ஒரு அடி. இன்னொரு அடி. "யாராவது... யாராவது அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். குரல் உடைந்தது. ஒருத்தியும் எழவில்லை. ஓத்திலியா நெரெய்தாவைப் பார்க்கவில்லை. தெல்ஃபினாவின் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விட்டுடு" என்று உதடு மட்டும் அசைந்தது. "விட்டுடுடி கண்ணு. உன்னையாவது காப்பாத்திக்க."

நெரெய்தா தங்கையின் வலது கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தாள். தெல்ஃபினா எழுந்தாள்.

எளிதாக எழுந்தாள்.

வாசலை நோக்கி நடந்தார்கள். ஆம்புலன்ஸை வெளியே நின்று கூப்பிடலாம். ரோடு பக்கம்தான். யாராவது நிற்பார்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டாள். மெந்தால் வாசனை கண்ணை எரித்தது. தெல்ஃபினாவின் கால்விரல்கள் தரையில் இழுபட்டன. வலதுகால் மட்டும். இடதுகால் தரையைத் தொடவே இல்லை.

பாரமே இல்லை.

அது அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அவள் எதையும் தாங்கவில்லை. மொத்தப் பாரத்தையும் மறுபக்கம் தாங்கியது. அவள் இழுத்துக்கொண்டு போகவில்லை. கூடப் போய்க்கொண்டிருந்தாள். வேகம் அவளுடையது அல்ல. ஒரு அடி, ஒரு மூச்சு, இன்னொரு அடி.

விட்டுவிடலாம். விட்டால் தங்கை போய்விடுவாள். பிடித்திருந்தால்...

தெல்ஃபினாவின் விரல்கள் அவள் கையை இறுகப் பிடித்தன.

நெரெய்தா விடவில்லை. விட முடியவில்லை. பெண்கள் இருபுறமும் முக்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள். மூன்று பேர் சேர்ந்து நடக்கும் அளவுக்கு வழி விட்டார்கள்.

வாசல் திறந்தது. வெள்ளை வெயில். தங்கையின் தலை அவள் தோளிலிருந்து நழுவி முன்னால் தொங்கியது. அப்போதுதான் மறுபக்கம் தெரிந்தது. மண் படிந்த நரைப் பின்னல். குனிந்த தலை. முகம் தெரியவில்லை. அது கீழே, தெல்ஃபினாவின் கால்களையே கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தது. பக்கத்தில், தைலம் மினுமினுக்கும் விரல்கள் தங்கையின் அக்குளுக்குள் வாகாக நுழைந்திருந்தன.

"பார்த்து, கண்ணு" என்றது, களைத்துப்போன, அன்பான குரல். "படி இருக்கு."